பிரதி யார் கையில்? - பதிப்புரிமை, நாட்டுடைமை, மின்நூலகம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

குமாரலிங்கபுரத்தில் எங்கள் பெரியத்தை ஒப்பாரி சொல்ல ஆரம்பித்தால் பக்கத்துத் தெரு ஆம்பளைகள்கூட வந்து நின்றுவிடுவார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பெரிய எழவு என்றால் அவளுக்கு ஆள் வரும். 1988 வாக்கில் நாட்டார் பாடல் சேகரிக்க வந்த ஓர் ஆய்வாளர் டேப்ரிக்கார்டரோடு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "எழவு விழாத வீட்டுல ஒப்பாரி சொல்லக்கூடாது தம்பி, வீட்டுக்கு ஆகாது" என்றாள் பெரியத்தை. கடைசியில் ஊருக்கு வெளியே கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் பாய் விரித்து இரண்டு பகல் பாடிக் கொடுத்தாள். பாடும்போது நிசமாகவே அழுதாள் என்று கூடப் போயிருந்த சித்தி சொல்வாள்.

அப்புறம் புத்தகம் வந்தது. முன்பக்கத்தில் 'உரிமை: ஆசிரியருக்கு' என்றிருந்தது. கடைசிப் பக்கங்களில் 'தகவலாளிகள்' என்று ஒரு பட்டியல். அதில் பெரியத்தையின் பெயர், வயது, சாதி, ஊர். 2003இல் அவள் செத்துப்போனாள். அவளுக்கு ஒப்பாரி சொல்ல ஊரில் சரியான ஆள் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் அந்த கேசட்டுகளை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றைக் கணினிக்கு மாற்றி அட்டவணையை இணையத்தில் போட்டது. தேடினேன். இடம் குமாரலிங்கபுரம், வகை ஒப்பாரி, ஒலிநேரம் எல்லாம் இருந்தது. குரல் மட்டும் இல்லை. கேட்க வேண்டுமென்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். போன் செய்தேன்.

"உரிமையாளர்னா பதிவு பண்ணினவங்க சார். நீங்க யாரு?"

"பாடினவங்களுக்குத் தம்பி மகன்."

"அவங்க தகவலாளிதானே சார்."

அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபமில்லை. சட்டம் சொல்வதைத்தான் அவர் சொன்னார். சட்டம் இப்படிப் பேச எப்போது கற்றுக்கொண்டது, தமிழ்ப் பிரதிகளின் வரலாற்றில் 'உரிமையாளர்' என்பவர் எங்கிருந்து வந்து உட்கார்ந்தார் என்பதுதான் இங்கே கேள்வி. மின்நூலகம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் எழுத்தாளன் ஒருபக்கம், திருடன் மறுபக்கம் என்றே நிற்கிறது. எழுதியவன் யார், திருடியவன் யார் என்பதைவிட, பிரதி யார் கையில் இருக்கிறது என்பதே இந்த வரலாற்றை நடத்திவந்திருக்கிறது என்பது என் கட்சி.

தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் ஆசிரியன் இறந்துவிட்டான் என்று எழுதிக் குவித்தோம். பார்த், ஃபூக்கோ என்று இரவெல்லாம் சண்டை. அந்தச் சண்டைக்கான மூலங்களை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. மதுரையிலிருந்து ஒருவர் செராக்ஸ் எடுத்து அனுப்புவார், அதைக் கோவில்பட்டியில் இன்னொருவர் செராக்ஸ் எடுப்பார், நாலாவது கை மாறும்போது ஓரத்து எழுத்தெல்லாம் கறுப்பாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பதிப்புரிமைச் சட்டத்துக்கும் ஆசிரியன் சாக வேண்டும். அவன் செத்த ஆண்டின் முடிவிலிருந்துதான் அதன் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆசிரியன் இறந்தாலும் வாரிசு 60 ஆண்டுகள் உயிரோடு இருப்பார் என்பதை நம் கோட்பாட்டு விவாதங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, பின்னால் போவோம். ஓலைச்சுவடிக் காலத்தில் எல்லாம் பொதுவாக இருந்தது, அச்சும் வெள்ளைக்காரனும் வந்து தனியுடைமை ஆக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. இதை நம்பத் தேவையில்லை. பதிப்புரிமை இல்லையே தவிர ஏட்டுக்கு உடைமை இருந்தது. மடத்தில், கவிராயர் வீட்டில், வைத்தியர் பரணில், மிராசுதார் பெட்டியில் ஏடு இருந்தது. இரவல் தருவதும் தராததும் அவர்கள் இஷ்டம். எழுத்தாணி பிடிக்க எந்தச் சாதிக்கு அனுமதி, எந்த வீட்டுத் திண்ணைவரை யார் ஏறலாம் என்பதே அன்றைய பதிப்புரிமைச் சட்டம். சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த அலைச்சல் நமக்குத் தெரியும். அப்படி அலைந்து கேட்பதற்கு ஒரு திண்ணை அவருக்குத் திறந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1835இல் மெட்காஃப் காலத்துச் சட்டம் இந்தியர்களும் அச்சகம் நடத்த வழிவிட்டது. 1847இல் கம்பெனி அரசு ஒரு பதிப்புரிமைச் சட்டம் போட்டது. இதையெல்லாம்விட நம் பிரதிகளின் தலைவிதியை எழுதியது 1867இன் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம். 1857 எழுச்சிக்குப் பிறகு கறுப்பன் என்ன எழுதுகிறான் என்று பார்ப்பதற்காக, அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதிகளும் அரசுக்கு வர வேண்டும் என்றாக்கினார்கள். அட்டவணை போட்டார்கள். ஒரு பகுதி லண்டனுக்குப் போனது. கண்காணிப்புக்காகச் சேர்த்த அந்தப் பிரதிதான் இன்று பல தமிழ் நூல்களுக்கு மிஞ்சியிருக்கும் பிரதி. நம் ஆய்வாளர் பிரிட்டிஷ் நூலகத்துக்கு விமானம் ஏறுவது, போலீஸ்காரன் பத்திரமாக வைத்ததைப் பார்க்கத்தான்.

போலீஸ்காரன் சேர்க்காததைச் சேர்த்த ஒருவரும் நம்மிடையே இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று மதிப்பான நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கியதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக அமைத்தது. அமெரிக்கா கொண்டுபோகாமல் இங்கேயே வைத்தது பெரிய காரியம். ஆனால் ஒரு தனிமனிதன் பசியும் பட்டினியுமாகச் சேர்த்ததை வாங்க நம்மூர்க் கை ஒன்று நீளவில்லை என்பதும் அதே வரலாற்றின் ஒரு வரி.

இனி பாரதி. ஆ.இரா. வேங்கடாசலபதி இதை ஆவணங்களோடு தனி நூலாகவே எழுதியிருக்கிறார். நான் இங்கே என் கேள்விக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1921 செப்டம்பரில் பாரதி செத்தபோது அவருடைய எழுத்து செல்லம்மாளின் கையில் இருந்த ஒரே சொத்து. பின்பு அது பாரதி பிரசுராலயத்துக்குப் போய், முடிவில் பாரதியின் தம்பி விஸ்வநாதன் வசம் நின்றது. 1928இல் அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் சண்டை போட்டார். அதுவரை இது தேசபக்தி விவகாரம். பேசும்படமும் இசைத்தட்டும் வந்ததும் வியாபார விவகாரமாகிவிட்டது. பாட்டை அச்சிடும் உரிமை ஒருவர் கையில், ஒலிக்கவிடும் உரிமை வேறொருவர் கையில். ஒலியுரிமை ஓர் இசைத்தட்டு வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பனிடம் வந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. அருப்புக்கோட்டையில் டூரிங் டாக்கீஸில் கேட்டவன் மறுநாள் களையெடுக்கும் இடத்தில் பாடியிருப்பான். அவனை யாரும் கேட்கவில்லை. ஆனால் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டை வைத்தபோது மெய்யப்பன் தரப்பு வழக்குக்குப் போனது.

அங்கேதான் வரலாறு திரும்புகிறது. டி.கே. சண்முகம் வழக்கை வழக்காக மட்டும் நடத்தாமல், பாரதி பாட்டு ஒருத்தன் சொத்தாக எப்படி இருக்கலாம் என்று கேட்டு இயக்கமாக்கினார். எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள், அரசியல்காரர்கள் சேர்ந்தார்கள். செல்லம்மாளையும் பார்த்துச் சம்மதம் கேட்டார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையைக் கையகப்படுத்தியது. மெய்யப்பன் ஒலியுரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்தார். செல்லம்மாளுக்கும் மகள்களுக்கும் தொகை தரப்பட்டது. அரசே ஒரு பதிப்புப் போட்டது. 1955இல், நம்ம விருதுநகர் காமராஜர் முதல்வராக இருந்தபோது, யாரும் அச்சிடலாம் என்று திறந்துவிட்டார்கள். அன்றைய சட்டப்படி பாரதியின் உரிமைக்காலம் 1971 வரை இருந்தது.

சோவியத் ரஷ்யாவிலும் 1918 வாக்கில் பழைய பெரும் எழுத்தாளர்களின் நூல்களை அரசு தன் கைக்குள் கொண்டுவந்தது. அங்கே அரசு வெளியீட்டாளர் ஆனது, உரிமையைத் தானே வைத்துக்கொண்டது. இங்கே அரசு விலைகொடுத்து வாங்கிக் கீழே போட்டுவிட்டது, எடுக்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அதனால் 'நாட்டுடைமை' என்ற சொல்லே கொஞ்சம் தப்பாக விழுந்த சொல். 1969இல் வங்கிகள் நாட்டுடைமையாகின என்றால் அரசு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். நூல் நாட்டுடைமையாகிறது என்றால் அரசு விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரே சொல்லுக்குள் இரண்டு எதிர்த்திசைகள். நம் ஆட்கள் பலர் இன்னும் 'நாட்டுடைமை நூலை அச்சடிக்க அரசிடம் அனுமதி வாங்கணுமா' என்று கேட்பது இதனால்தான்.

வங்காளத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. தாகூர் 1941இல் மறைந்தார். 50 ஆண்டுக் கணக்கு 1991இல் முடியவேண்டும். விஸ்வபாரதி தன் கையிலிருந்த உரிமையை இழக்க விரும்பவில்லை. மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, 1992இல் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தையே திருத்தி 60 ஆண்டாக்கியது. ஒரு நிறுவனத்துக்காக நாடு முழுக்க எல்லா எழுத்துக்கும் பத்தாண்டு பூட்டு. 1948இல் செத்த புதுமைப்பித்தன் பழைய கணக்கில் 1998 முடிவோடு பொதுவாகியிருப்பார். புதுக் கணக்கில் 2008வரை காத்திருக்க வேண்டும். 2002இல் தமிழக அரசு அவரை நாட்டுடைமையாக்கியதால் இடையில் தப்பித்தார். திருச்சுழியில் 1879இல் பிறந்து 1950இல் மறைந்த ரமணரின் எழுத்துக்குக் கணக்கு 2010 முடிவோடு தீர்ந்தது. நான் யார் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவருக்கும் சட்டம் பார்த்துப் பார்த்து ஓர் உரிமையாளரைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

பாரதிதாசன், அண்ணா என்று தொடங்கி 90களின் பிற்பாதியிலிருந்து நாட்டுடைமை ஆண்டுக்கொரு சடங்காகிவிட்டது. எண்ணிக்கை இப்போது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. யாரைச் சேர்ப்பது என்பதில் கட்சி, சாதி, செல்வாக்கு எல்லாம் வேலை செய்கின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல. நொடித்த குடும்பங்களுக்கு அந்தப் பணம் உதவியது என்பதையும் மறுக்க முடியாது. 2009இல் அறிவிக்கப்பட்ட பட்டியலிலிருந்து கண்ணதாசன் குடும்பமும் சுந்தர ராமசாமி குடும்பமும் மறுத்து விலகின. புத்தகம் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போது ஒருமுறைத் தொகைக்கு ஏன் விட வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். எழுத்தாளன் கஞ்சிக்கு வழியில்லாமல் சாகும் ஊரில் பதிப்புரிமையே கூடாது என்று சொல்லும் தோழர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

பெரியார் விஷயம் வேறு மாதிரி. 'குடிஅரசு' 1925இல் தொடங்கியது. 1925 முதல் 1938வரை அதில் வந்த பெரியார் எழுத்தையும் பேச்சையும் 27 தொகுதிகளாகப் பெரியார் திராவிடர் கழகம் கொண்டுவர முயன்றபோது, பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் உரிமை தன்னுடையது என்று 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் போனது. நீதிபதி சந்துரு 2009இல் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தார். 2010இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. நிறுவனத் தரப்பின் வாதம் பணம் பற்றியதல்ல: எல்லோரும் அச்சிட்டால் திரித்துவிடுவார்கள் என்பது. இந்த அச்சம் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் திரிபைக் கண்டுபிடிக்கவே மூலம் எல்லோர் கையிலும் இருக்க வேண்டாமா? பூட்டிய அலமாரியில் இருக்கும் மூலத்தைக் கொண்டு எவனும் எந்தத் திரிபையும் நிரூபிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் மின்நூலகம் உள்ளே வருகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் வேலை முடிந்து வந்து ராத்திரியில் தட்டச்சு செய்தார்கள். ஒரே எழுத்துருகூட அப்போது இல்லை. 2001 வாக்கில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போதைய தமிழ் இணையக் கல்விக்கழகம், அரசு முயற்சியாக வந்தது. 2005இல் ஈழத்தவர்களின் நூலகம் திட்டம் தொடங்கியது; 1981இல் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த சாம்பலிலிருந்து எழுந்த முயற்சி அது. அவர்கள் எழுத்தாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் கேட்டு வாங்கியே ஏற்றினார்கள். எரித்தவனிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, காப்பாற்றுகிறவன் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. 2013 முதல் எழுத்தாளர்களே விரும்பிப் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் தரும் நூல்களை ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு வெளியிடுகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் ஏற்றப்பட்டு, எழுத்துணரி மூலம் எழுத்தாக்கி, தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாய்த் திருத்துகிறார்கள்.

நாட்டுடைமை இல்லாவிட்டால் இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் பெரும்பகுதி இணையத்தில் சட்டபூர்வமாக இருந்திருக்காது. டி.கே. சண்முகம் ஒரு சினிமாப் பாட்டுக்காகத் தொடங்கிய சண்டையின் பலனை, ஊராட்சி நூலகக் கட்டடம் பூட்டியே கிடக்கும் கரிசல் ஊர்ப் பையன் போனில் அனுபவிக்கிறான். இதைப் பாராட்டிவிட்டே குறையைச் சொல்ல வேண்டும். அரசு உரிமையை விடுவித்தது, பிரதியை விடுவிக்கவில்லை. பணம் கொடுத்து அறிவிப்பு வெளியிட்டதோடு கடமை முடிந்தது. எந்தப் பதிப்பு மூலம், கைப்பிரதி எங்கே, பத்திரிகையில் வந்தது எது, பதிப்பாளர் வெட்டியது எது என்று யாரும் கேட்கவில்லை. கிடைத்த மலிவுப் பதிப்பை ஸ்கேன் செய்தார்கள். இணையத்தில் சுற்றும் பல மின்பிரதிகள் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்றுகூடச் சொல்வதில்லை. பக்கம் விட்டுப்போனால் அது விட்டுப்போனதாகவே லட்சம் போன்களுக்குப் போகிறது.

இந்திய மின்நூலகம் என்று 2000களின் தொடக்கத்தில் மத்திய அரசு ஆதரவோடு பெரிய திட்டம் ஒன்று வந்தது. லட்சக்கணக்கில் ஸ்கேன் செய்தார்கள். தமிழ் நூல் பெயரை ஆங்கில எழுத்தில் வாய்க்கு வந்தபடி பதிந்திருந்ததால், நூலைத் தேடுவதற்கு முன் தட்டச்சு செய்தவரின் மனதைத் தேட வேண்டும். உரிமைக்காலம் முடியாத நூல்களும் உள்ளே இருப்பதாகப் புகார் வந்து 2017 வாக்கில் தளம் முடங்கியது. அதற்குள் வெளிநாட்டு ஆர்வலர்கள் நகல் எடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் வைத்திருந்ததால் பெரும்பகுதி தப்பியது. அந்த ஆர்க்கைவே அமெரிக்கப் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2023இலும் மேல்முறையீட்டில் 2024இலும் தோற்றது. நம் பிரதி மறுபடி கடல்தாண்டி ஒருவர் கையில் நிற்கிறது, 1867க்குப் பிறகு நின்றதுபோல.

நம் சட்டத்தில் 2012 திருத்தம் ஒரு சந்து திறந்தது. லாபநோக்கமில்லாத நூலகம் தன்னிடம் அச்சில் உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ளலாம். பாதுகாக்கலாம், ஊருக்குத் தருவதற்கு அந்தப் பிரிவு அனுமதி தரவில்லை. வாரிசு யார், எங்கே என்று தெரியாத நூல்களுக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கவும் ஒரு பிரிவு இருக்கிறது. 40 பக்கப் பாட்டுப் புத்தகம் போட்ட சாத்தூர்க்காரரின் வாரிசைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க எந்த நூலகத்திடம் காசு இருக்கிறது? டெல்லிப் பல்கலைக்கழகச் செராக்ஸ் கடை வழக்கில் 2016இல் உயர்நீதிமன்றம், பதிப்புரிமை ஒன்றும் இயற்கை உரிமையல்ல என்று சொல்லி மாணவர்கள் பக்கம் நின்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வகுப்பறைக்குள் இருப்பவனுக்கு. கரிசல்காட்டில் தானாகப் படிக்கிறவனுக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

இன்னொரு மின்நூலகத்தையும் சொல்ல வேண்டும், நம்மில் பலர் பார்த்திராதது. மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்து, நம் எதிர்ப்பால் 1997இல் ரத்து செய்தார்கள். வேம்புக்கு ஐரோப்பாவில் சண்டை 2005வரை ஓடியது. இதன் விளைவாக 2001இல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவ நூல்களிலிருந்து மருந்து முறைகளை எடுத்து ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் ஏற்றினார்கள். பார்க்க அனுமதி காப்புரிமை அலுவலகங்களுக்கு. தமிழ்ச் சித்தர் பாட்டின் மருந்தை முனிச்சில் உள்ள அதிகாரி பார்க்கலாம், திருச்சுழி வைத்தியர் பார்க்க முடியாது. 2022இல் மத்திய அமைச்சரவை கட்டண அடிப்படையில் மற்றவர்களுக்கும் திறக்க ஒப்புதல் தந்தது. திருட்டைத் தடுக்கவே செய்தார்கள், தடுக்கவும் செய்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் களவு போகக்கூடாது என்று வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திய பூட்டு அது.

பெரியத்தையிடம் திரும்புகிறேன். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் அதைத் தயாரித்தவர். பாடுகிறவருக்கு, ஆடுகிறவருக்கு என்று ஓர் உரிமை சட்டத்துக்குள் நுழைந்ததே 1994 திருத்தத்தில்; 1995 மே மாதம் அமலுக்கு வந்தது. அவள் பாடியது 1988. பாட்டின் சொற்கள்? 'மரபு வழி வந்தது, ஆசிரியர் இல்லை' என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒப்பாரியின் மெட்டும் சில அடிகளும் மரபு. செத்தவன் எந்தக் கிணறு வெட்டினான், எந்த வருஷப் பஞ்சத்தில் எந்த மாட்டை விற்றான், மருமகள் என்ன பேசினாள் என்பதையெல்லாம் அந்த நிமிஷத்தில் கோர்ப்பது அவள். அது படைப்பு இல்லையென்றால், யாப்பு மரபில் எழுதிய எந்தப் புலவனுக்கும் ஆசிரியன் என்ற பெயர் கிடையாது. எழுதப்பட்டது ஆசிரியனுடையது, சொல்லப்பட்டது யாருடையதுமல்ல என்ற பிரிவினை சட்டம் கண்டுபிடித்ததல்ல. எழுத்தாணியைத் தன் கையில் வைத்திருந்தவர்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த பிரிவினைக்குச் சட்டம் முத்திரை குத்தியது.

நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பை 1964இல் கொண்டுவந்தார். அதில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் இன்னார் என்று எஸ்.எஸ். போத்தையா முதலியவர்களின் பெயரை விடாமல் போட்டார், இடமும் போட்டார். பேராசிரியர்கள் மாணவன் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் உலகில் அது பெரிய நேர்மை. ஆனால் பாடியவர் என்ற வரி பெரும்பாலும் இல்லை. பின்பு நா.வா.வின் நூல்கள் நாட்டுடைமையாகி இணையத்துக்கும் வந்தன. பாதையைப் பாருங்கள்: யாருடையதும் அல்ல என்று சொல்லப்பட்ட பாட்டு, தொகுப்பானபோது ஒருவருடையதாகி, அரசு பணம் கொடுத்ததும் மறுபடி எல்லோருடையதும் ஆயிற்று. நா.வா.வும் தோழர்களும் போய்ச் சேகரிக்காவிட்டால் அந்தப் பாட்டெல்லாம் பாடியவர்களோடு எரிந்திருக்கும். நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் அந்த ஊர்களில் பாடியவளுக்கு ஒரு வரி போட இடமில்லாமல் போகவில்லை. போட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நாடுகள் மரபு அறிவு பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தன. அது மரபணு வளங்களையும் அவற்றோடு சேர்ந்த அறிவையும் பற்றியது. விதைக்கு ஒப்பந்தம் வந்துவிட்டது. பாட்டு இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

பாட்டுக்கு ராயல்டி கொடு என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தை வாரிசாக்கினால் நாளைக்கு நானே பூட்டுப் போடுவேன். சித்தப்பா மகனோடு பங்குச் சண்டையும் வரும். கேட்பது இரண்டு. அட்டவணையில் 'தகவலாளி' என்ற சொல்லை அடித்து 'பாடியவர்' என்று போட வேண்டும். பதிவானது எந்த ஊரிலோ அந்த ஊருக்கு ஒரு பிரதி, கடிதம் கேட்காமல், திரும்பிப் போக வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. கேசட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் மனசு வைத்தால் போதும். நம்மிலும் எத்தனை பேர் வீட்டில் களப்பணி கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன?

அந்த ஆய்வாளரைத் தேடிப் பிடித்தேன். வயதாகிவிட்டது. பெரியத்தையின் பெயரைச் சொன்னதும் புளியமரத்தைப் பற்றிப் பேசினார், கடிதம் உடனே எழுதிக் கொடுத்தார். நிறுவனம் ஒரு குறுந்தகடு அனுப்பியது, கூடவே நிபந்தனைத் தாள்: தனிப்பட்ட ஆய்வுக்கு மட்டும், நகல் எடுக்கக்கூடாது, பொதுவில் ஒலிபரப்பக்கூடாது. குமாரலிங்கபுரத்தில் குறுந்தகடு போட யார் வீட்டிலும் பெட்டி இல்லை. டியூஷன் சென்டர் கணினியில் போட்டோம். வீட்டுக்குள் வேண்டாம், ஆகாது என்று சித்தி சொன்னதால் ஸ்பீக்கரை வாசலுக்குக் கொண்டுவந்தோம். பத்து நிமிடத்தில் தெருவே கூடிவிட்டது. கேட்டவர்களில் நாலைந்து பேர் போனில் பதிந்தார்கள். சாயங்காலத்துக்குள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகள்வரை வாட்ஸ்அப்பில் போய்விட்டது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நிபந்தனைத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்.